நாள் தள்ளிப்போவதும், நாம் தள்ளிப்போடுவதும்

போன தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி பதினொன்றரை மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, அஞ்சு நாள் தள்ளிப்போச்சு, இன்னும் வரல. நெட்ல பார்த்தா கேன்சரா இருக்கலாம்னு போட்டிருக்கு" என்றாள், குரலே நடுங்கியது. அவளுக்கு 23 வயது, அதற்கு முந்தின மாதம்தான் புது வேலையில் சேர்ந்திருந்தாள். இரண்டு நாள் கழித்து முறுக்கு சுடுவதற்காகப் பெரியம்மா வீட்டில் கூடியிருந்தோம். வெங்காயம் உரித்துக்கொண்டே பெரியம்மா சொன்னார்: "எனக்கு நின்னு ஆறு வருஷம் ஆச்சு, போன மாசம் திரும்ப லேசா பட்டுச்சு. உடம்புல இன்னும் தெம்பு இருக்கு போல." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் கை நின்றுவிட்டது.

அஞ்சு நாள் தாமதத்துக்கு ராத்திரி தூக்கம் போகிறது. ஆறு வருஷம் கழித்து வந்த ரத்தம் சிரிப்போடு கடந்து போகிறது. மாதவிடாய் விஷயத்தில் நம் வீடுகளில் பயம் பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் இருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்குக் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நம்மில் நிறையப் பேர் ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுகிறோம், அது சரியில்லை. ரத்தப்போக்கு சரியாகத் தொடங்கும் நாள்தான் முதல் நாள், அங்கிருந்து அடுத்த முறை தொடங்குவதற்கு முந்தின நாள் வரைக்கும் ஒரு சுழற்சி. "போன மாசம் பத்தாம் தேதி வந்துச்சு, இந்த மாசம் ஆறாம் தேதியே வந்துருச்சு" என்று கவலைப்படுகிறவர்கள் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் 26 அல்லது 27 நாள் வரும், அதில் ஒரு குறையும் இல்லை. ஒன்றாம் தேதியும் அதே மாதம் 29ஆம் தேதியும் வந்தால் "ஒரே மாசத்துல ரெண்டு தடவை" என்கிறோம், ஆனால் அது அச்சு அசலாக 28 நாள். நாள்காட்டி மாதத்துக்கும் உடம்பின் மாதத்துக்கும் சம்பந்தமே இல்லை. 28 என்பது சராசரி மட்டும்தான். வயது வந்த பெண்ணுக்கு 24 முதல் 38 நாள் வரைக்கும் இயல்பு என்று இப்போது உலக அளவில் மகப்பேறு, மகளிர் மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், பழைய கணக்கில் 21 முதல் 35 என்பார்கள், இரண்டையும் கேள்விப்பட்டுக் குழம்ப வேண்டாம். ரத்தப்போக்கு எட்டு நாள் வரை இருக்கலாம். ஒரு மாதம் 27, அடுத்த மாதம் 32, அப்புறம் 29 என்று வந்தாலும் அது ஒழுங்கான சுழற்சிதான், ஏனென்றால் மிகக் குறைந்ததற்கும் மிக நீண்டதற்கும் இடையே ஏழு முதல் ஒன்பது நாள் வரை வித்தியாசம் இருப்பது சகஜம்.

அப்படியானால் தள்ளிப்போவது எதனால்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி, அதற்குக் கீழே பிட்யூட்டரி சுரப்பி, அங்கிருந்து வரும் ஹார்மோன்கள் சினைப்பையில் ஒரு முட்டையை வளரவைக்கின்றன. முட்டை வளர வளர ஈஸ்ட்ரோஜன் சுரந்து கருப்பையின் உள்சுவர் தடிக்கிறது. முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சுரந்து அந்தச் சுவரைப் பக்குவப்படுத்தி நிறுத்தி வைக்கிறது, கரு தங்காவிட்டால் அந்த ஹார்மோன் இறங்குகிறது, சுவர் உதிர்கிறது. முட்டை வெளிவந்ததிலிருந்து ரத்தம் வரும்வரை ஆகும் காலம் பெரும்பாலும் 12 முதல் 14 நாள், அது அதிகம் மாறாது. மாறுவதெல்லாம் அதற்கு முந்தின பாதிதான். கதிர் வந்துவிட்ட நெல்லுக்கு அறுப்பு எப்போது என்று ஓரளவு சொல்லிவிடலாம், கதிர் வரும்வரைக்கும்தான் மழையும் வெயிலும் விளையாடும், அதுபோலத்தான் இது.

அதனால் இன்றைக்கு நாள் தள்ளிப்போயிருந்தால் காரணம் இன்றைக்கு நடந்ததல்ல, மூன்று நான்கு வாரத்துக்கு முன்னால் முட்டை வளர வேண்டிய நேரத்தில் நடந்தது. தேர்வு, காய்ச்சல், டெங்கி, வீட்டில் ஒரு சாவு, ஊருக்குப் போய் வந்த அலைச்சல், புது வேலை, எதுவும் அந்த முட்டையை ஒரு வாரம் தாமதப்படுத்தலாம். கைத்தொலைபேசிச் செயலிக்கு இதெல்லாம் தெரியாது. அது உங்கள் பழைய தேதிகளின் சராசரியைப் போட்டு ஒரு நாளைச் சொல்கிறது, அந்த நாளில் வராவிட்டால் சிவப்பில் "தாமதம்" என்று காட்டுகிறது. அக்கா மகளைப் பயமுறுத்தியது அந்தச் சிவப்பு எழுத்துதான்.

சரி, ஒரு மாதம் அப்படி ஆனால் விட்டுவிடலாம். முட்டை மாதக்கணக்கில் வெளிவராமலே இருந்தால் கதை வேறு. ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டே இருக்கும், சுவர் தடித்துக்கொண்டே போகும், ஆனால் புரோஜெஸ்டிரோன் வராததால் ஒழுங்காக உதிரச் சொல்ல ஆள் இல்லை. கடைசியில் தாங்க முடியாமல் அங்கங்கே பிய்ந்து உதிரும். "மூணு மாசமா வரல, வந்ததும் பதினஞ்சு நாளா நிக்கல" என்று பெண்கள் சொல்வது இதைத்தான். இந்த நிலைமை வருஷக்கணக்கில் தொடர்ந்தால் உள்சுவரின் உயிரணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, சிலருக்குப் புற்றுநோய் வரை போகலாம். சிங்கப்பூர்ப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகம், பெருங்குடல், நுரையீரலுக்கு அடுத்து நான்காவதாக நிற்பது கருப்பைப் புற்றுநோய், கருப்பை வாய்ப் புற்றுநோயைவிட இதுதான் இங்கே அதிகம். "வராம இருந்தா நிம்மதிதானே, நாப்கின் செலவு மிச்சம்" என்று பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கருத்தடை மருந்தோ சாதனமோ பயன்படுத்துவதால் வராமல் இருப்பது வேறு, அதில் சுவரே தடிக்காமல் மெல்லியதாக இருக்கிறது, அது ஆபத்தில்லை. மருந்து எதுவும் இல்லாமல் மூன்று மாதம் வராமல் இருந்தால் அது நிம்மதிப்பட வேண்டிய விஷயமில்லை.

வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால் ஒன்று. நாள் தள்ளிப்போனால் முதல் கேள்வி கர்ப்பமா என்பதுதான். கல்யாணமானவர், ஆகாதவர், நாற்பத்தெட்டு வயதுக்காரர், பால் கொடுக்கிறவர், யாராக இருந்தாலும், உறவு இருந்திருந்தால் பரிசோதனை செய்துவிடுங்கள். பரிசோதனைக் கருவி மருந்துக் கடையிலும் பேரங்காடியிலும் கிடைக்கிறது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மருத்துவரும் இதைத்தான் முதலில் கேட்பார், அதைச் சந்தேகமாகவோ அவமானமாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லாரிடமும் கேட்பதுதான். மகளோடு போகும் அம்மாக்கள் அந்தக் கேள்வி வரும்போது முந்திக்கொண்டு "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்று பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்தால் பெரிய உதவி. இதில் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிவிடுவது உண்டு. நாள் தள்ளிப்போய், கொஞ்சமாக ரத்தம் பட்டு, அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று வலித்து, தலைசுற்றலோ தோள்பட்டை நுனியில் வலியோ வந்தால் அது உயிருக்கே ஆபத்து. அப்போது முன்பதிவுக்குக் காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மயக்கம் வந்தால் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். வயதுக்கு வந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடித்ததும் மாதாமாதம் கடிகாரம்போல வரும் என்று எதிர்பார்க்கிறோம். மூளைக்கும் சினைப்பைக்கும் இடையே உள்ள பேச்சுவார்த்தை பழகுவதற்கே இரண்டு மூன்று வருஷம் ஆகும். முதல் வருஷம் எப்படி வந்தாலும் பெரும்பாலும் இயல்பு. ஒன்றிலிருந்து மூன்று வருஷம் வரைக்கும் 21 முதல் 45 நாள் என்பது ஏற்றுக்கொள்ளக் கூடியது, அதற்குப் பிறகு பெரியவர்கள் கணக்கு. ஆனால் முதல் வருஷம் முடிந்த பிறகு ஒரு சுழற்சி 90 நாளைத் தாண்டினாலோ, 15 வயதாகியும் வயதுக்கே வராவிட்டாலோ காட்ட வேண்டும். இன்னொன்றை நிறையப் பேர் கவனிப்பதில்லை. முதல் மாதத்திலிருந்தே கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, பல் விளக்கினால் ஈறில் ரத்தம், தட்டினாலே உடம்பில் கன்றிப்போகிறது என்றால் அது ரத்தம் உறைவதில் உள்ள பிறவிக் குறையாக இருக்கலாம். பள்ளியில் சீருடை நனைந்து அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் "எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான்" என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது நம் ஆட்கள் வாயில் அதிகம் அடிபடும் பெயர், நீர்க்கட்டி. பிசிஓஎஸ் (PCOS) என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறைத் தமிழில் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அந்தப் பெயரே பாதிப் பயத்துக்குக் காரணம். ஸ்கேனில் தெரிவது கட்டியே இல்லை, வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். வெட்டி எடுக்க அதில் எதுவும் இல்லை, வெடிக்கவும் வெடிக்காது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள், அதிலும் பலருக்கு இருப்பதே தெரியாது. 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நிபுணர்கள் வகுத்த வரையறையைத்தான் இன்னும் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள்: மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போவது, ஆண்களுக்குரிய ஹார்மோன் கூடுவது அல்லது அதன் அறிகுறிகளாக மோவாயில் முடி, தீராத முகப்பரு, உச்சியில் முடி கொட்டுவது, ஸ்கேனில் சினைப்பை அப்படித் தெரிவது, இந்த மூன்றில் இரண்டு இருந்து மற்ற காரணங்கள் இல்லை என்று ஆனால்தான் பிசிஓஎஸ். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. வயதுக்கு வந்து எட்டு வருஷம்கூட ஆகாத பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்துத் தீர்மானிப்பதே தவறு, அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையும் அப்படித்தான் தெரியும்.

இதன் அடியில் ஓடுவது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமை. தெற்காசியப் பெண்களுக்கு இது இளம் வயதிலேயே, அவ்வளவு எடை இல்லாமலே வருகிறது. சிங்கப்பூரில் ஆசிய உடம்புக்கென்று உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே ஆபத்து கூடுகிறது என்று வைத்திருப்பதும் அதனால்தான். நம் வீட்டுப் பிள்ளைகளின் பின்கழுத்தில், அக்குளில் வெல்வெட் துணி மாதிரி கருமை படர்வதைப் பார்த்திருப்பீர்கள். "கழுத்தைத் தேய்ச்சுக் குளி, அழுக்குப் பிடிச்சுக் கிடக்கு" என்று அதட்டி, கடலைமாவும் எலுமிச்சையும் வைத்து ரத்தம் வரத் தேய்த்த அம்மாக்கள் எத்தனை பேர். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் அளவு கூடியிருப்பதைத் தோல் காட்டிக்கொடுக்கிறது. கழுத்துக் கருமையும் நாள் தள்ளிப்போவதும் சேர்ந்து இருந்தால் சர்க்கரைப் பரிசோதனையும் கேளுங்கள், இங்கே நீரிழிவு நம் இனத்தில் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் நம்மிடம் இருக்கிறது. ஆகாது. கல்யாணத்துக்குப் பிறகு "இன்னும் ஒண்ணுமில்லையா" என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். பிசிஓஎஸ் உள்ள பெரும்பாலான பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள், சிலருக்கு முட்டையை வெளிவர வைக்கும் மாத்திரை தேவைப்படும். எடை கூடுதலாக இருந்தால் அதில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே சிலருக்கு முட்டை தானாக வெளிவரத் தொடங்குகிறது. 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ, எட்ட முடியாத இலக்கில்லை. பிள்ளை வேண்டாத காலத்தில் கருத்தடை மாத்திரை கொடுப்பார்கள், அல்லது சில மாதங்களுக்கு ஒருமுறை புரோஜெஸ்டிரோன் மாத்திரையால் சுவரை உதிர வைப்பார்கள், சிலருக்கு நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை. கருத்தடை மாத்திரை என்று பெயரைப் பார்த்ததும் "கல்யாணமாகாத பொண்ணுக்கா" என்று தூக்கிப் போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது கருப்பைக்கான பாதுகாப்பு. இந்தப் பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், மாமியாரும் நாத்தனாரும் எடையைப் பற்றிப் பேசுவது அதற்கு மருந்தாகாது.

எல்லாம் பிசிஓஎஸ் இல்லை. தைராய்டு குறைந்தால் அதிகமாகப் போகலாம், கூடினால் மிகக் குறைவாகப் போகலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிள்ளை பெறாத பெண்ணுக்கு மார்பில் பால் கசிந்தால் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடியிருக்கலாம், மனநல மருந்துகள் சிலவும் வாந்திக்கான மாத்திரைகள் சிலவும்கூட அதைக் கூட்டும், அதனால் நீங்களாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒட்டிய வயிறோடு ஓடி ஓடி உடற்பயிற்சி செய்து, சோற்றை அடியோடு விட்ட பெண்களுக்கு நின்றுபோவதும் உண்டு. சாப்பாடு போதவில்லை என்று மூளை கடையை மூடிவிடுகிறது, அது தொடர்ந்தால் எலும்பு மெலியும். கருப்பையில் தசைக்கட்டி, உள்சுவரில் சதை வளர்ச்சி ஆகியவை அதிகப் போக்கையோ இடையிடையே ரத்தத்தையோ தரும். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோகிறது என்றால் சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது, "சீக்கிரம் நின்னுருச்சு, புண்ணியம்" என்று விடக் கூடாது.

நம்மிடையே அதிகம் பார்க்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. கோயில் மாத்திரை. தைப்பூசத்துக்குப் பால்குடம், ஐப்பசியில் தீமிதி, வீட்டில் கிரகப்பிரவேசம், ஊரில் குலதெய்வப் பூசை, அந்த நாளில் வந்துவிடக் கூடாது என்று நாள் தள்ளிப்போடும் மாத்திரை போடுகிறோம். போட வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. நோரெத்திஸ்டிரோன் என்ற அந்த மருந்தை வழக்கமாக, எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்குவார்கள், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். எப்போது வரும் என்றே தெரியாத சுழற்சி உள்ளவர் எந்த நாளுக்கு மூன்று நாள் முன்னால் தொடங்குவார்? பாதியில் தொடங்கி, பாதியில் மறந்து, நடுவில் ரத்தம் பட்டு, சுழற்சியே குழம்பிப்போகும். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் பத்து அட்டை வாங்கிவந்து அக்கம்பக்கத்தில் பங்கு போடுவதுதான் எனக்குக் கவலை. முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது வெட்கப்படும் விஷயமே இல்லை, இங்குள்ள மருத்துவர்களுக்கு இது பழகிய கேள்வி.

இரவுப் பணியும் சுழற்சியைக் கலைக்கும், தாதியர், விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்கள், பாதுகாவலர்கள் இதைத் தினமும் அனுபவிக்கிறார்கள். வீட்டில் இல்லப் பணிப்பெண் இருந்தால் அவரையும் மறக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் போகும் கட்டாயப் பரிசோதனை முக்கியமாகக் கர்ப்பம், தொற்றுநோய் ஆகியவற்றுக்கானது, மாதவிடாய்ப் பிரச்சினையை அதில் யாரும் கேட்பதில்லை. அவருடைய மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு, அவராக வாய் திறந்து கேட்க மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

நாற்பதுக்கு மேல் வருவோம். மாதவிடாய் முழுவதுமாக நிற்பது சராசரியாக 50 வயதை ஒட்டி. அதற்கு முந்தின நான்கைந்து வருஷம் நாள்கள் முன்னும் பின்னும் ஓடும், அறுபது நாள்கூட வராமல் இருந்து வரும், அது இயல்பு. ஆனால் "இந்த வயசுல அப்படித்தான்" என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை நோய் ஒளிந்துகொள்கிறது தெரியுமா. நாள் தள்ளிப்போவதும் லேசாகப் போவதும் வயதின் வேலை. கொட்டுவதும், எட்டு நாளைத் தாண்டி நீள்வதும், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் படுவதும் வயதின் வேலை இல்லை. 45 வயதுக்கு மேல் இப்படி இருந்தால் கருப்பை உள்சுவரிலிருந்து துளி எடுத்துச் சோதிக்க மருத்துவர் சொல்லலாம், மறுக்காதீர்கள்.

அதிகப் போக்கை நம் முன்னோர் பெரும்பாடு என்றார்கள், பொருத்தமான சொல். எது அதிகம் என்பதுதான் பெண்களுக்கே தெரிவதில்லை, ஏனென்றால் அம்மாவுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான். இப்படிப் பாருங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறதா, ராத்திரி மாற்றுவதற்கென்றே எழுந்திருக்கிறீர்களா, இரண்டு நாப்கின் சேர்த்து வைக்கிறீர்களா, நம் சிங்கப்பூர் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தைவிடப் பெரிய கட்டிகளாக விழுகிறதா, அந்த மூன்று நாளும் வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அது அதிகம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, எப்போதும் அசதி, இவற்றையெல்லாம் வேலைப்பளு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இரும்புச்சத்து வற்றிப்போயிருக்கலாம். ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே தே தாரிக் (பால் தேநீர்) குடித்தால் பாதி பலன் போய்விடும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் நல்ல சாப்பாடு, நானும் செய்கிறேன், ஆனால் தசைக்கட்டியை அவை கரைக்காது. இப்போது போக்கைக் குறைக்கும் மாத்திரைகளும், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் இருக்கின்றன, கருப்பையை எடுப்பது கடைசி வழிதான்.

முழுதாக ஒரு வருஷம் வராமல் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும், பழுப்புக் கறையாக இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், ஒரே ஒரு தடவைதான் என்றாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதில் பேரமே கிடையாது. அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய நோய் இருக்காது. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருக்கும், அதை ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.

எங்கே போவது? அவசரம் இல்லாதவற்றுக்கு உங்கள் குடும்ப மருத்துவர் அல்லது பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போதும். அங்கே கர்ப்பம், ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் (குடும்ப மருத்துவரின் கடிதத்துக்கு அது கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள்), நேராகப் போய் நின்றால் தனியார் கட்டணம், இது தெரியாமல் செலவழித்தவர்கள் உண்டு. ஒரு மணிக்கு ஒரு நாப்கின் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, கர்ப்பமாக இருந்து வலியோடு ரத்தம் வந்தாலோ மட்டும் கடிதமெல்லாம் பார்க்க வேண்டாம், கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பெண்களுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. உறவுக்குப் பிறகு ரத்தம் வந்தால் அதே வாரத்தில் காட்டுங்கள், போன வருஷம் கருப்பை வாய்ப் பரிசோதனை நல்லபடியாக வந்தது என்பது இதற்குப் பதில் ஆகாது. பிள்ளைக்காக முயற்சி செய்கிறவர்கள் ஒரு வருஷம், 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதம் காத்திருக்கலாம் என்பது பொது விதி, ஆனால் நாள்களே ஒழுங்கில்லாதவர்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

கேகே என்றாலே நம் பெரியவர்களுக்குப் பிரசவம்தான் ஞாபகம் வரும். 1924இல் பிரசவ மருத்துவமனையாக மாறி, 1966இல் ஒரே வருஷத்தில் 39,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறந்த இடம், தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) பக்கத்திலேயே இருப்பதால் நம் குடும்பங்களில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள். அதனாலேயே கல்யாணமாகாத பெண் அங்கே உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறார்கள். மருத்துவமனையின் பெயரிலேயே மகளிர் என்றுதானே இருக்கிறது, தாய்மார் என்று இல்லையே. உள்ளே என்ன செய்வார்களோ என்ற பயமும் இருக்கும். உறவு அனுபவம் இல்லாதவருக்கு வயிற்றின் மேலே வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், கிடைக்கும் நேரத்தைப் பொறுத்துத் தருவார்கள். உங்கள் அனுமதி இல்லாமல் எந்தப் பரிசோதனையும் நடக்காது.

அக்கா மகளுக்கு ஒன்பதாம் நாள் வந்துவிட்டது. அவள் சுழற்சி அந்த மாதம் 37 நாள், புது வேலையில் முதல் வாரம் அவள் சரியாகத் தூங்கவே இல்லை. இப்போது செயலியின் கணிப்பை அணைத்துவிட்டு, சமையலறையில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் முதல் நாளுக்கு ஒரு வட்டம் மட்டும் போடுகிறாள்.

பெரியம்மாவை அழைத்துப்போக இரண்டு வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "தீபாவளி முடியட்டும்டி" என்றார், அப்புறம் "தாத்தா திதி முடியட்டும்" என்றார். மருத்துவரிடம் என்ன சொல்வது என்றுதான் அவருக்குக் கூச்சம் என்பது பிறகுதான் புரிந்தது. அதனால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: கடைசியாக முறையாக வந்தது எந்த வருஷம், இப்போது பட்ட தேதி, எத்தனை நாள், என்ன நிறம், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அம்மா வழியில் யாருக்காவது கருப்பை, மார்பகம், குடல் புற்றுநோய் இருந்ததா. அவர் வாய் திறக்கவே இல்லை, சீட்டை நீட்டினார், மருத்துவர் படித்துவிட்டு அன்றைக்கே நிபுணருக்குக் கடிதம் எழுதினார். உள்சுவரில் விரல்நுனி அளவு சதை வளர்ச்சி இருந்தது, எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அந்தச் சீட்டை அவர் மடித்துப் பணப்பையில் வைத்திருக்கிறார், போன மாதம் எதிர்வீட்டு அம்மாவுக்கு அதைப் பார்த்து இன்னொன்று எழுதிக் கொடுத்தாராம்.